மங்கலாக அனுப்பிய தொலைநோக்கி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பெருமையில் பிறந்தது. என் மகள் ஒரு தொலைநோக்கியை வடிவமைத்தாள். அது விண்வெளிக்கே போய்விட்டது. தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் சொல்லித் தீர்த்தாயிற்று. இனி கேட்க ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

'கருநீல வானம் அவளை அழைத்துக்கொண்டே...'

(வேண்டாம். அவள் வேலை பார்த்தது ஜன்னலே இல்லாத அறையில்.)

சரி, இப்படி ஆரம்பிக்கலாம். நட்சத்திரங்களின் புற ஊதா ஒளியைக் காற்று வழியிலேயே மறித்துவிடுகிறது. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் மேலே போயாக வேண்டும். செயற்கைக்கோளில் அவளுக்குக் கொடுத்த இடமோ ஒரு ஷூ பெட்டி அளவு. அதில் ஃபோகஸைத் திருத்தும் மோட்டாருக்கு இடமில்லை. மோட்டாரே வேண்டாம் என்று தூக்கிவிட்டாள், மகராசி! மேலே போனபின் யாரும் எதையும் திருத்த முடியாது.

3

சோதனை நாள். நட்சத்திரம்* கூர்மையான புள்ளியாக விழவேண்டிய திரையில் பஞ்சுபோல ஒரு மங்கல்.

"என்னம்மா இது?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"வேணும்னேதான் சார் இப்படி வச்சிருக்கேன். கண்ணாடிகளைத் தாங்கற இந்தக் கார்பன் குழாய் இங்க காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சுக் கொஞ்சூண்டு நீண்டிருக்கு. மேல போனா காஞ்சு சுருங்கும். அப்ப சரியா வந்து உக்காரும்."

"சுருங்கலைன்னா?"

"சுருங்கும் சார். இதே குழாய்ல ஒரு துண்டு வெட்டிக் காயவச்சு அளந்துட்டேன்."

அவர் முறைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

(அவள் குரல் நடுங்கியதாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "நடுங்கவே இல்லம்மா, சும்மா கதை விடாத" என்றாள். அடித்துவிட்டேன். யார் மகள்!)

* ஊசித்துளைக்குப் பின்னால் ஒரு விளக்கு. அதையும் நட்சத்திரம் என்றுதான் சொல்கிறார்கள்.

4

மேலே போன குழாய் இந்நேரம் காய்ந்திருக்குமாம். முதல் படம் இன்று வருகிறது.

முடிவு அ: புள்ளி. கைதட்டல், கூச்சல். நான் மறுபடி எல்லாரிடமும் சொல்லப் போகிறேன்.

முடிவு ஆ: மங்கல். எல்லாரும் போனபின் அவள் மட்டும் நாற்காலியில்

(இதை முடிக்க மனசு வரவில்லை.)

காலையில் அவள் கிளம்பும்போது கேட்டேவிட்டேன். "மங்கலா வந்தா என்னடி எழுதட்டும்?"

"என் கணக்கு தப்புன்னு எழுது," என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே. "இடம் தரலை, பாவம் அவ என்ன பண்ணுவான்னு மட்டும் எழுதிடாத."

எந்த முடிவு வந்தாலும் இந்தப் பெண்ணைப் பெற்றவள் நான்தான்.

இதோ, போன் அடிக்கிறது. அவள்தான். எழுதுகிறவள் வேலை இத்தோடு சரி. மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

"சொல்லுடி, கண்ணு."