ஒரு முழம் கூடுதலான கழி

ஊரில் அவனுக்கு ‘ரம்பம்’ என்று பெயர். மெஷின் ரம்பத்தால் மரம் அறுக்கிறவன் என்பதால் பாதி, வாயைத் திறந்தால் மூடமாட்டான் என்பதால் மீதி. அந்த மீதிக்கு இரண்டு வருஷமாக அவனுக்குத் தகுதி இல்லை. தேவைக்குத்தான் பேசுவான். விழுந்து கிடக்கிற மரத்தைத் துண்டு போடுவான். நிற்கிற மரத்துக்குக் கூப்பிட்டால் முதுகு வலி என்பான். முதுகுக்கு ஒரு கேடும் இல்லை.

தங்கச்சி போன் செய்த அன்று அந்த முதுகு வலி செல்லுபடியாகவில்லை.

“சமையக்கட்டுத் தரை வெடிச்சிருச்சு அண்ணே. பின்னாடி மரம் சாயுது. நேத்து வெடிப்புல விரல் நுழைஞ்சுது, இன்னைக்கு கையே நுழையுது. நீ வர்றியா, இல்ல நான் அடுப்பைத் தூக்கிட்டு உன் வீட்டுக்கு வந்துரட்டுமா?”

போனான். மூன்று நாள் மழையில் மண் இளகிப்போய், மரம் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கத்துக் காலி மனையைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. அது சாயச் சாய இந்தப் பக்கத்து வேர் எழும்பிச் சமையலறைத் தரையைத் தூக்கியது. சந்தில் கிரேன் நுழையாது. இன்னொரு மழைக்குச் சுவர் தாங்காது.

பார்க்கிறவனுக்கு அது ஒரு வேலையே இல்லை. விழ வேண்டிய பக்கம் தானே சாய்ந்திருக்கிறதே, பின்னால் ஒரு வெட்டுப் போட்டால் போயிற்று என்று தோன்றும். அப்படித் தோன்றித்தான் பல பேர் எலும்பை முறித்துக்கொண்டார்கள். சாய்ந்த மரத்தின் முதுகு இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி விறைத்திருக்கும். பின்னாலிருந்து அறுத்துக்கொண்டே போனால், பாதியில் நடுமரம் நெடுக்காகப் பிளந்து, பிளந்த துண்டு ஆள் உயரத்துக்கு மேல் எகிறி, அறுத்தவனையே தேடி வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் ஒன்று வந்தது. வந்தது ரம்பத்தைத் தேடி, அடித்தது மாப்பிள்ளையை.

மாப்பிள்ளை என்றால் இந்தத் தங்கச்சியின் வீட்டுக்காரன். பத்து வருஷம் இருவரும் ஜோடியாக வேலை பார்த்தவர்கள். அறுக்கிறவனுக்குக் காதில் மூடி, கையில் மெஷின், கத்தினால் கேட்காது. அதனால் அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை பக்கவாட்டில் தள்ளி, நீள மூங்கில் கழியோடு நின்று மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். தோளில் கழி ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் போட்டுவிட்டு ஓடு. கடைசி வெட்டுக்கு முன்னால் கழி தோளில் வந்து உட்கார வேண்டும். அது எழுந்த பிறகுதான் வெட்டு.

அன்றைக்கு ரம்பத்துக்கு அவசரம். அடிமரத்தில் ஒரு கீறல் மேலே ஓடுவதை மாப்பிள்ளை பார்த்துவிட்டுத் தட்டினான். அவன் நிற்காததைக் கண்டு, கழியைப் போட்டுவிட்டு ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். ரம்பம் தப்பித்தான். மாப்பிள்ளையின் வலது கால் தப்பவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் மாப்பிள்ளை கேட்ட முதல் கேள்வி, “கழி தோள்ல பட்டுச்சா மச்சான்?”

“படல மாப்ள,” என்றான் ரம்பம்.

பட்டிருந்தது. நன்றாகவே பட்டிருந்தது. இன்னும் ஒரு விரல்கடை அறுத்தால் முடிந்துவிடும், முடித்துவிட்டு நிற்போம் என்று நினைத்தான். அவ்வளவுதான் அவன் செய்தது.

மாப்பிள்ளை சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. “கழி எட்டலையா? அப்ப தப்பு என் மேலதான்,” என்று சொல்லிவிட்டு, வேலையையே விட்டான். வீட்டு முன்னறையில் மற்றவர்களின் மெஷின் செயினுக்கு அரம் போட்டுக் கூராக்கிக் கொடுத்து உட்கார்ந்துவிட்டான். வா போ என்று பேசியவன் ‘வாங்க மச்சான், உக்காருங்க மச்சான்’ என்று மரியாதைக்கு மாறினான். அந்த மரியாதையை மென்று முழுங்க முடியாமல் ரம்பம் அந்த வீட்டுப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டான்.

இப்போது தங்கச்சி பாத்திரம் பண்டமெல்லாம் வாசலுக்குக் கடத்திக்கொண்டிருந்தாள். ரம்பம் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது மாப்பிள்ளை காலை இழுத்துக்கொண்டு வந்தான். கையில் புது மூங்கில் கழி. நுனியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது.

“எப்ப செஞ்சே?” என்றான் ரம்பம்.

“அந்த வருஷமே செஞ்சு வெச்சுட்டேன். பழசு எட்டாம போச்சுல்ல. இது ஒரு முழம் கூட. இனி தப்பாது, நீங்க தைரியமா அறுங்க.”

வேலை செய்ய முடியாத காலோடு, வராத வேலைக்கு ஒருவன் கழி செய்து வைத்திருக்கிறான். அதுவும் பொய்யை அளந்து, சரியாக ஒரு முழம். ரம்பம் உண்மையைச் சொல்லிவிட நினைத்தான். முதலில் மரம் விழட்டும் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு மெஷினை எடுத்தான்.

விழும் பக்கம் சின்னதாக ஒரு வாய் வெட்டினான், ஆழம் அதிகமில்லாமல். பிறகு பின்னால் போகாமல் பக்கவாட்டில் நின்று, மெஷின் மூக்கின் கீழ் முனையை முதலில் கொடுத்து, மெல்ல நிமிர்த்தி, நடுமரத்துக்குள் நேராகச் சொருகினான். மேல் முனையைக் கொடுத்தால் மெஷின் முகத்துக்கு எகிறும். மூக்கு மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் முன்னால் கொஞ்சம் அறுத்து, வாயை ஒட்டிக் கீல் மாதிரி இரண்டு விரல்கடை மரத்தை விட்டான். பின்னால் கொஞ்சம் அறுத்து, முதுகில் நாலு விரல்கடை விட்டான். நடுவில் எல்லாம் காலி. இப்போது முன் கீலும் பின் பிடியும் மட்டும் மரத்தைத் தாங்கின. அந்தப் பின் பிடி இருக்கிற வரைக்கும் மரம் பிளக்காது, விழாது. அறுக்கிறவன் சொல்கிறபோதுதான் விழும். இந்த வழி அன்றைக்கும் அவனுக்குத் தெரியும். நேரமாகும் என்று விட்டதுதான்.

மெஷினை உருவும்போது தோளில் ஒரு தட்டு விழுந்தது.

ரம்பம் அப்படியே நின்றான். மெஷினை அணைத்தான். விலகிப் போவதற்காகத் துடைத்து வைத்திருந்த பாதையில் பின்வாங்கி மாப்பிள்ளையிடம் வந்து, காது மூடியைக் கழற்றினான்.

“என்ன? கீறல் ஓடுதா?”

“இல்ல. நல்லா நிக்குது. கழி படுதான்னு பார்த்தேன். பட்டுச்சா?”

“பட்டுச்சு.”

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. “ஒரு முழம்தான் வித்தியாசம், பாருங்க.”

அதைத் தாங்க முடியவில்லை. “அன்னைக்கும் பட்டுச்சு மாப்ள,” என்றான் ரம்பம். “தெரிஞ்சுது. ஒரு விரக்கடைதானேன்னு நான்தான் நிக்கல. பொய் சொல்லிட்டேன்.”

மாப்பிள்ளை கழியின் நுனியைப் பார்த்தான். பிறகு அவனைப் பார்த்தான். “ரெண்டு வருஷம்,” என்றான். “என் கையாலதான் என் கால் போச்சுன்னு ரெண்டு வருஷம் உக்காந்திருந்தேன். நீ எங்க வீட்டுல டீ குடிச்சிட்டுப் போயிருக்கே. மனுஷனாடா நீ?”

“இல்ல,” என்றான் ரம்பம். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை.

வாசல் பக்கமிருந்து தங்கச்சியின் குரல் வந்தது. “என்ன சத்தத்தைக் காணோம்? விழுந்துருச்சா?”

“இல்ல. பேசிட்டிருக்கோம்,” என்றான் மாப்பிள்ளை.

“மரத்தை அந்தரத்துல நிக்க வெச்சுட்டு என்ன பேச்சு? ரெண்டு வருஷமா வாயில என்ன வெச்சிருந்தீங்க ரெண்டு பேரும்?”

மரம் நின்றது. விட்டிருந்த நாலு விரல்கடை சத்தமில்லாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“போ,” என்றான் மாப்பிள்ளை. “அதை முதல்ல இறக்கு.”

ரம்பம் திரும்பிப் போய் மெஷினைக் கிளப்பினான். மரத்துக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒதுங்கி நின்றான். கழிக்காகக் காத்திருந்தான். வரவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதும் அவர்கள் வைத்திருந்த முறைதான். வராமல் போனால் மெஷினை அணைத்துவிட்டு, இந்த வீட்டுக்கு வேறு ஆளைத் தேடிக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டியதுதான் என்று நினைத்தான். அதற்குமேல் இந்த வீட்டில் அவனுக்கு என்ன உறவு இருக்கும் என்று தெரியவில்லை.

கழி வந்தது. தோளில் உட்கார்ந்தது. வழக்கத்தைவிட ரொம்ப நேரம், அழுத்தமாகவே உட்கார்ந்திருந்தது. பிறகு எழுந்தது.

பின் பிடியைக் கொஞ்சம் தாழ்வாக வைத்து அறுத்தான். அது அறுந்ததும் மெஷினோடு விலகி நடந்தான். மரம் பிளக்காமல், திரும்பாமல், முன் கீலில் மடங்கி, காலி மனையின் நடுவில் போய்ப் படுத்தது. சமையலறை ஜன்னல் கண்ணாடி ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. தங்கச்சி ஓடிவந்து சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

மாப்பிள்ளை காலை இழுத்துக்கொண்டு அடிக்கட்டைக்கு வந்தான். கழியை அதன் மேல் படுக்க வைத்து, நுனியில் விரலை வைத்து முழங்கை வரைக்கும் ஒரு முழம் அளந்து, அந்த இடத்தில் நகத்தால் கீறினான்.

“கோபம் போயிருச்சுன்னு நினைக்காத. இருக்கு. எப்ப போகும்னு எனக்கே தெரியாது,” என்றான்.

“சரி.”

“இதுல அறு.”

“எதுக்கு மாப்ள?”

“பழைய அளவே எட்டியிருக்கு. இந்த ஒரு முழத்தை நான் ஏன் தூக்கிச் சுமக்கணும்? நிக்கிற மரத்துக்கு யாராவது கூப்பிட்டா முதுகு வலின்னு சொல்லாத, எனக்குச் சொல்லு.”

ரம்பம் மெஷினைக் கிளப்பினான். கழி ஆடாமல் இருக்க மாப்பிள்ளை இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டான்.