பறித்த நாற்று

விடிவதற்கு முன் நாற்றங்காலில் இருந்தவர்கள்: வாத்தியார், வாத்தியாரின் மனைவி, நெட்டையன், அவன் தம்பி, வாயாடி அக்கா, இன்னும் ஒரே முதலாளியின் நிலத்தைக் குத்தகைக்கு உழுது பிழைக்கும் வீட்டுக்காரர்கள், ஆணும் பெண்ணுமாக. வராதவன் பம்புக்காரன் ஒருவன்தான். அவன் வரவேண்டியதில்லை. பம்பு ஓடும் சத்தம் வந்தால் போதும்.

குனிந்த முதுகுகள் நிமிரவில்லை. சேற்றில் விரலைவிட்டு வேரோடு பிடுங்குவது, காலில் அடித்து மண்ணை உதறுவது, முடியாகக் கட்டிப் பின்னால் எறிவது. சேறு எலும்புவரை குளிர்ந்தது. அட்டை கடித்ததுகூட ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

வாத்தியார் கால்சட்டையைத் தொடைவரை சுருட்டியிருந்தார். நடவைத் தொடங்கிவைத்துவிட்டு அவர் போய்ப் பள்ளிக்கூட மணி அடிக்க வேண்டும். பிள்ளைகளின் நோட்டில் மதிப்பெண்ணோடு அவருடைய சேற்று விரலும் பதிந்திருக்கும்; யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

பொது நாற்றங்கால் அவருடைய யோசனை. ஆளுக்கொரு மூலையில் விதைத்து, ஆடு தின்றது போக, அழுகியது போக, மிச்சத்தைப் பார்த்து அழுவானேன்? ஒரே இடத்தில் விதைப்போம், ஒரே நாளில் பறிப்போம், எல்லார் வயலிலும் எல்லாரும் இறங்கி நடுவோம் என்று வீடு வீடாக ஏறி இறங்கிச் சம்மதிக்க வைத்தார். நாற்று நன்றாகத்தான் வந்திருந்தது. கரும்பச்சை நிறத்தில் கத்தி கத்தியாக நின்றது.

வெளிச்சம் வந்தது. கடைசி முடியும் கரையேறியது. பம்புச் சத்தம் வரவில்லை. ஜீப்புச் சத்தம்தான் வந்தது.

முதலாளி வரப்பிலேயே நின்றுகொண்டார்.

"என்ன வாத்தியாரே, எல்லாம் பறிச்சாச்சா?"

"ஆச்சுங்க. தண்ணி வந்தா நட்டுடலாம்."

"ஒண்ணுகூட மண்ணுல மிச்சம் இல்லையே?"

வாத்தியார் காலியான நாற்றங்காலைத் திரும்பிப் பார்த்தார். "இல்லீங்க" என்றார்.

"அப்ப பேசலாம். இந்தப் போகத்துலேர்ந்து விளைச்சல்ல எனக்குப் பாதி."

"மூணுல ஒரு பங்குன்னுதானே பேச்சு?" என்றான் நெட்டையன்.

"அது பழைய பேச்சு. சம்மதம்னா தண்ணி. இல்லேன்னா நாத்தை மாட்டுக்குப் போடு."

"பாதி உங்களுக்கு, விதைக்குக் கொஞ்சம். நாங்க என்னத்தைத் திங்கிறது?"

"உன் வயித்தை என்கிட்ட ஏன் கேக்கிற?"

"அதையும் நீங்களே வச்சுக்குங்க" என்றாள் வாயாடி அக்கா. "அது ஒண்ணுதான் இன்னும் எங்ககிட்ட மிச்சம்."

முதலாளி அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாத்தியாரைத் தனியே கூப்பிட்டார்.

"நீங்க படிச்சவர், இந்தக் கூட்டத்துல உங்களுக்கு என்ன வேலை? உங்களுக்கு மட்டும் பழைய பங்கே இருக்கட்டும். சரின்னு ஒரு வார்த்தை, இப்பவே உங்க மடைக்குத் தண்ணி வரும். பள்ளிக்கூடம் என் கொட்டகையிலதான் நடக்குது, அதையும் யோசிங்க. சாயங்காலம் வர்றேன்."

சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். பம்பை நிறுத்தப் பிடுங்கிய ஃபியூஸ் கட்டை துருத்திக்கொண்டிருந்தது.

ஜீப் போனது. நெட்டையன் கையிலிருந்த முடியைத் தரையில் அடித்தான்.

"தனித்தனியா விதைச்சிருந்தா ஒருத்தன் பறிச்சிருப்பான், ஒருத்தன் பறிச்சிருக்க மாட்டான். எல்லார் கழுத்தையும் ஒரே கயித்துல கட்டி அவர் கையில குடுத்துட்டீங்களே வாத்தியாரே!"

"தண்ணி வயல்ல ஏறின பிறகு பறிச்சிருக்கணும். வருஷா வருஷம் விடியறப்ப பம்பு ஓடுமேன்னு நம்பிட்டேன். தப்பு என்னுதுதான்."

"காதுல என்ன ஓதினார்?"

மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் எல்லார் பார்வையும் வாத்தியாரின் முகத்திலேயே நின்றது. பொய் சொல்வானேன், அவருக்கு ஆசை வந்தது. வீட்டில் அம்மா படுத்த படுக்கை. அரிசிப் பானையில் கைவிட்டால் அடி தட்டியது. அவர் கண் நாற்றுக் குவியலுக்குப் போனது. அவர் மனைவி அதைக் கவனித்தாள்.

"இதுல எந்த முடி நம்மளுது?" என்றாள்.

அவருக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியாது. யார் விதை, யார் பறித்தது, எல்லாம் ஒரே குவியல்.

"பேர் வச்சிருந்தா கூப்பிட்டுப் பாருங்க வாத்தியாரே" என்றாள் அக்கா. "எழுந்து வருதான்னு பாப்போம்."

யாரோ சிரித்தார்கள். நெட்டையன்கூட மூக்கால் ஊதினான்.

வாத்தியார் ஒரு முடியைத் தூக்கி வேரைத் தடவினார். ஓரம் உலர ஆரம்பித்திருந்தது.

"எனக்கு மட்டும் தண்ணி வேண்டாம். இதுக்கு இப்ப நிழலும் ஈரமும் வேணும். ரெண்டும் பம்பு ரூம்ல இருக்கு. தொட்டியில வேர் நனைஞ்சு நின்னா நாளைவரைக்கும் தாங்கும். நாமளும் நாத்தோட உள்ளேயே உட்காருவோம். அவர் சொந்த வயலுக்கும் அதே பம்புதான். நம்மளுது காஞ்சா அவருதும் காயட்டும்."

"போலீஸ் வரும்" என்றான் நெட்டையனின் தம்பி.

"வரும்."

நெட்டையன் தான் அடித்த முடியைக் குனிந்து எடுத்தான். சேற்றைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

வாத்தியார் மனைவியிடம், "நீ போய் மணியடி" என்றார்.

"கொட்டகையைப் பூட்டியிருந்தா?"

"மரத்தடியில உட்கார வை. வாய்ப்பாடு சொல்லட்டும்."

அவள் கால்கூடக் கழுவாமல் நடந்தாள்.

பம்பு ரூம் வாசல்படியில் பம்புக்காரன் உட்கார்ந்திருந்தான். தலையில் நாற்றோடு வந்த கூட்டத்தைப் பார்த்து எழுந்தான்.

"சாவி எங்க?" என்றார் வாத்தியார்.

"இடுப்புல. திறந்தா என் பொழப்பு போச்சு."

"எங்க வயல் தரிசாப் போனா உன் பம்புக்கு என்னடா வேலை?" என்றாள் அக்கா. "பூட்டுக்குக் காவல் இருப்பியா?"

அவன் தலை கவிழ்ந்தது. "ராத்திரியே கட்டையைப் பிடுங்கிட்டார். நாத்து பறிச்சு முடியறவரைக்கும் வாயைத் திறக்காதேன்னார். திறக்கலை."

நெட்டையனின் கை ஓங்கியது. வாத்தியார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாதி நாத்தாவது மண்ணுல நின்னிருக்கும்" என்றார், அவ்வளவுதான்.

பம்புக்காரன் பூட்டைத் திறந்தான்.

உள்ளே எண்ணெய் வாடை. செத்துக் கிடந்த மோட்டார். அதன் பக்கத்தில் சிமெண்டுத் தொட்டி, கணுக்காலளவு பழைய தண்ணீர். முடிகளைக் கைமாற்றிக் கைமாற்றி வேர் நனைய அடுக்கினார்கள். தொட்டி நிறைந்ததும் ஈரத் தரையில் நிறுத்தினார்கள். கால் வைக்க இடமில்லை. சுவரோடு ஒட்டி உட்கார்ந்தார்கள்.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும்; சாயங்காலத்துக்கு முன்பே தூரத்தில் புழுதி எழுந்தது. இந்தமுறை ஒரு வண்டி இல்லை, இரண்டு.

"நீ போயிடு" என்றார் வாத்தியார் பம்புக்காரனிடம். "சாவியை நாங்க பிடுங்கிட்டோம்னு சொல்லிக்கோ. இல்லேன்னு சொல்ல மாட்டோம்."

அவன் சாவியை அவர் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கினான். வாய்க்கால்வரை போனான். காய்ந்து வெடித்த வாய்க்காலைப் பார்த்தான், புழுதியைப் பார்த்தான். அங்கேயே நின்றான். பிறகு திரும்பி நடந்து வந்து வாசலில் நின்றான்.

"இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கா?"

தொட்டியில் ஒரு முடி சரிந்து தண்ணீர் தளும்பியது.

"நாத்தை மிதிக்காம வா" என்றாள் அக்கா.

வெளியே தொங்கிய பூட்டைக் கழற்றிக்கொண்டு அவன் உள்ளே வந்தான். கதவை இழுத்துச் சாத்தினான். உள் நாதாங்கியில் பூட்டை மாட்டி, வாத்தியாரிடம் கைநீட்டிச் சாவியை வாங்கி, பூட்டினான்.