கட்டைவிரலுக்கு வேலையில்லை

மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் ஒரே கட்டடத்தில் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், கீழே சம்பத்தின் டிவி கேம் கடை. மாடியில் விரலால் தட்டினால் சர்டிபிகேட் கிடைக்கும், கீழே தட்டினால் வீட்டில் உதை கிடைக்கும் என்று அந்தத் தெருக்காரர்கள் நினைத்திருந்தார்கள். இரண்டு இடத்திலும் தட்டியவள் கனகவல்லி ஒருத்திதான்.

1997இல் அவளுக்கு இருபத்து மூன்று வயது. இங்கிலீஷ் ஹையர், தமிழ் ஹையர் இரண்டும் பாஸ் பண்ணிவிட்டு, படித்த இடத்திலேயே இன்ஸ்ட்ரக்டராக உட்கார்ந்தவள். காலையும் மாலையும் கிளாஸ், நடுவில் வெளியாட்களின் மனுவும் பயோடேட்டாவும் அடித்துக் கொடுப்பாள். அதனால் அவள் கைப்பையில் டிபன் டப்பாவோடு ஒரு ஒயிட்னர் பாட்டிலும் எப்போதும் கிடக்கும். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை மாடியில் மெஷின்களுக்கு உறை போட்டு மூடிவிடுவார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் அவள் கீழே இறங்கிவிடுவாள்.

முதல் ஒரு வாரம் வாசலில் நின்று வேடிக்கைதான் பார்த்தாள். கடையில் மூன்று டிவி, மூன்று விதமான ரிமோட். கையில் பிடித்து ஆடுகிற கருவிக்கு அங்கே எல்லாரும் சொல்லுகிற பெயர் ரிமோட்தான். முதல் டிவியில் இருந்தது செங்கல் மாதிரி தட்டையான ரிமோட். அதைச் செய்தவனுக்கு உள்ளங்கை என்று ஒன்று இருந்திருக்குமா என்பதே சந்தேகம். அரை மணி ஆடினால் நாலு மூலையும் கையில் பதிந்துவிடும். அதிலும் இரண்டாம் நம்பர் ரிமோட்டுக்கு ஸ்டார்ட் பட்டனே கிடையாது. அதைப் பிடித்தவன், முதல் நம்பர்க்காரன் ஆரம்பித்தால் ஆடவேண்டும், நிறுத்தினால் நிற்கவேண்டும். அமுக்கிப் பிடித்தாலே தானாக விடாமல் அடிக்கிற டர்போ பட்டன்களைச் சம்பத் எம்-சீல் பூசி அடைத்துவிட்டிருந்தார்.

இரண்டாவது டிவியில் ஜாய்ஸ்டிக். மேசையில் ஒட்டிக்கொள்ள அடியில் நாலு ரப்பர் கிண்ணம் வைத்திருந்தார்கள். ரப்பர் காய்ந்துபோய், ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆட்டவேண்டும். மூன்றாவது பதினாறு பிட்டு மெஷின். அதன் ரிமோட் பிறை வடிவத்தில் வழவழவென்று இருக்கும், ஆனால் ஆறடி ஆளுக்கு அளவெடுத்ததுபோல் அகலம். கனகவல்லியின் கைக்குள் அது அடங்கவே இல்லை.

இதையெல்லாம் அவள் ஒரு மெஷினைப் பழகுகிறவளின் கண்ணோடுதான் பார்த்தாள். மாடியில் பத்து டைப்ரைட்டரில் எதற்கு எந்தக் கீ இறுகும், எது சும்மா தொட்டாலே எகிறும் என்று தெரிந்தவளுக்கு இதில் என்ன அதிசயம்.

கடையில் எல்லாரும் உயிரை விட்டது நூறு மீட்டர் ஓட்டத்தில். ஒரே பட்டனை எவ்வளவு வேகமாக அடிக்கிறோமோ அவ்வளவு வேகமாக டிவியில் அந்த ஆள் ஓடுவான். யார் குறைந்த நேரத்தில் ஓடுகிறார்களோ அவர்கள் பெயரைச் சம்பத், தெருவைப் பார்த்த சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையில் எழுதுவார். ஆறு மாதமாக அதில் ஒரே பெயர். ஸ்ரீநிவாசராகவன், 9.41.

ராகவன் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், கிழக்குத் தாம்பரம் காலனிப் பையன். பி.காம். கடைசி வருஷம். காலை ஆறு மணி கிளாஸில் கனகவல்லியிடம்தான் லோயர் படித்தான். கீயைப் பார்த்துப் பார்த்து அடிப்பான், அவள் மெஷின்மேல் துணியைப் போட்டு மூடி அடிக்கவிடுவாள். மாடியில் அவன் அவளை மேடம் என்பான். கீழே வந்தால் அவளைத் தெரிந்தமாதிரியே காட்டிக்கொள்ளமாட்டான்.

ஒருநாள் செங்கல் ரிமோட் காலியாக இருந்தது. அவள் போய் உட்கார்ந்தாள். ரிமோட்டை ஒரு ஸ்டூலின் மேல் வைத்தாள். முதுகை நிமிர்த்தினாள், மணிக்கட்டைத் தூக்கினாள், வலது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அந்த ஒரு பட்டன்மேல் வைத்தாள். உலகத்தில் ஒரு டைப்பிஸ்டைத் தவிர வேறு யாரும் அப்படி ஒரு காரியம் செய்திருக்கமாட்டார்கள். கடையே சிரித்தது. அவளுக்கு ஏன் என்றே புரியவில்லை. கட்டைவிரல் ஸ்பேஸ் பாருக்கு, மற்றதெல்லாம் மற்ற விரல்களுக்கு. ஏழு வருஷமாக அவள் கற்றதும் கற்பித்ததும் அதுதானே.

இரண்டு விரலும் மாறி மாறி இறங்கியதில் டிவியில் அந்த ஆளின் கால்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. 8.96. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். சம்பத் சந்தோஷத்தில் சாக்பீஸை எடுத்துப் பலகையில் ‘கனகவல்லி 8.96’ என்று எழுதினார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவள் எதிர்ப்பக்க நடைபாதையில் ஒரு நிமிஷம் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். அவள் பெயரை இதற்குமுன் யாரும் சுவரில் எழுதியதில்லை. கல்யாணப் பத்திரிகையில் வந்தால் உண்டு என்றிருந்த பெயர்.

மறுநாள் பலகையில் ஈரத்துணித் தடம் இருந்தது. அதன்மேல் மறுபடியும் ராகவன், 9.41.

"பொம்பளப் புள்ள பேரு ரோட்டப் பாத்தாப்புல கீது. நாலு பேரு நாலு விதமா பேசுவான் கனகா, உனுக்குத்தான் பேஜாரு" என்றார் சம்பத். வேண்டுமானால் பெயரைச் சுருக்கி கே.வி. என்று போட்டுக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஸ்டூலில் வைத்து ஆடினது ஆட்டமே இல்லை, கையில் பிடிப்பதற்குத்தான் ரிமோட் என்று பசங்கள் சண்டைக்கு வருவதாகவும் சொன்னார். ஒரு காரியத்துக்கு ஒருத்தன் இரண்டு காரணம் சொன்னால் இரண்டும் காரணமில்லை என்பது கனகவல்லிக்குத் தெரியும்.

"ராகவன் பேரு ரோட்டப் பாத்துக்கினுதானே ஆறு மாசமா நிக்குது. அவனுக்கு ஒண்ணும் ஆவலியே" என்றாள். பெயர் தானாகப் போகவில்லை, துடைக்கப்பட்டது. அதைத் தாங்கிக்கொள்ளக்கூடாது என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். முழுப் பெயர் அந்தப் பலகையில் திரும்ப ஏறவேண்டும், அதற்குக் குறைந்து எதுவும் வேண்டாம்.

அடுத்த மாதம் ராகவனின் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து ஒரு புது மெஷின் கொண்டுவந்தார். அதை ராகவன் கடைக்கு எடுத்துவந்தான். பார்த்தவர்கள் எல்லாரும் மெஷினை விட்டுவிட்டு ரிமோட்டைத்தான் கையில் வாங்கிப் பார்த்தார்கள். சாம்பல் நிறம், இரண்டு பக்கமும் கீழே இறங்குகிற கைப்பிடி. செங்கல்லைப் பிடித்தே பழகிய கைகளுக்கு அது சொகுசாகத்தான் இருந்தது. பழைய கணக்கு எல்லாம் ரத்து, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் இதில் புதுப் போட்டி, ஜெயிப்பவர் பெயர் பலகையில் என்று சம்பத் அறிவித்தார். ராகவன் ஒரு விதியைச் சேர்த்தான். ஸ்டூல், மேசை, பெஞ்ச், தரை எதன்மேலும் ரிமோட்டை வைக்கக்கூடாது.

"நீங்களும் பிடிச்சுப் பாருங்கோ மேடம். இது கைக்குன்னே டிசைன் பண்ணது" என்று அவளிடம் நீட்டினான். கீழே அவன் அவளை மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை, அது மரியாதைக்காக இல்லை.

கனகவல்லி நியாயமானவள். பிடித்ததுமே அது நல்ல ரிமோட் என்று ஒப்புக்கொண்டாள். மூலை குத்தவில்லை, கனம் இரண்டு கையிலும் சமமாக விழுந்தது, பட்டன்கள் அமுங்கி எழும்பும் விதம் புதிதாக எண்ணெய் போட்ட மெஷின் மாதிரி இருந்தது. ஆனால் அது கட்டைவிரலுக்காகச் செய்தது. அந்த மெஷினில் ஓட இரண்டு பட்டனை மாறி மாறி அடிக்கவேண்டும், ஒன்று இடது காலுக்கு, ஒன்று வலது காலுக்கு. ஸ்பேஸ் பாரைத் தவிர வேறொன்றும் அறியாத அவள் கட்டைவிரல் இரண்டு பட்டனுக்கும் நடுவே தடுமாறி நின்றது. 11.32. யாரோ விசிலடித்தார்கள். அவள் ரிமோட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு பல்லாவரம் சந்தைக்குப் போனாள். தார்ப்பாயில் பழைய டிவி சாமான்களைக் குவித்து வைத்திருந்த ரத்தினபாய் என்ற அம்மாளிடம், ரிமோட்டெல்லாம் காட்டச் சொன்னாள். ஒயர் அறுந்தது, பட்டன் போனது, உள்ளே ரப்பர் தேய்ந்தது என்று ஒரு கூடை கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பிடித்தாள், அமுக்கினாள், திருப்பினாள். கத்திரிக்காய் பொறுக்குகிற மாதிரி பொறுக்குகிறாயே, இதெல்லாம் செத்துப்போனதும்மா என்றாள் ரத்தினபாய். அடியில் கைப்பிடி வைத்த ஒன்று, அந்தச் சிங்கப்பூர் ரிமோட்டைப் பார்த்து எவனோ இங்கேயே வார்த்தது, ஒயர் இல்லாமல் கிடந்தது. அதை வாங்கிக்கொண்டாள்.

கட்டைவிரலைப் பழக்கிவிடலாம் என்பதுதான் அவள் எண்ணம். ரயிலில் லேடீஸ் பெட்டியில் இடம் கிடைத்தது. காய்கறிப் பையைக் காலடியில் வைத்துவிட்டு ரிமோட்டை மடியில் போட்டாள். முழங்கால்களுக்கு நடுவே இழுபட்டிருந்த புடவையில் அந்த இரண்டு கைப்பிடியும் தூளியில் குழந்தை இறங்குகிற மாதிரி இறங்கின. பட்டன்கள் எல்லாம் மேலே சமமாக நின்றன. விரலால் அமுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. வண்டி குரோம்பேட்டையில் குலுங்கி நின்றது, அப்போதும் அசையவில்லை. தட்டையான செங்கல்லுக்கு ஒரு ஸ்டூல் வேண்டியிருந்தது. கைக்காக வளைத்துச் செய்த இதற்கு மடியே போதும். அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள், எதிரே இருந்த பெண் தன் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை நிறைந்திருந்தது. ராகவன் முன்னாலேயே ஆடி 9.08 வைத்திருந்தான். கட்டைவிரலால் அது நல்ல ஓட்டம்தான், கனகவல்லி மனதுக்குள் பாராட்டினாள். வேறு யாரும் அவன் பக்கத்தில்கூட வரவில்லை. வேறு யாரு என்று சம்பத் கேட்டதும் அவள் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். முழங்கால்களை அகட்டிப் புடவையை இழுத்துவிட்டு, ரிமோட்டை மடியில் இறக்கி, முதுகை நிமிர்த்தினாள்.

ராகவன் எழுந்துவிட்டான். "சம்பத், ரூல் இருக்கு. கையில பிடிக்கணும்."

"ஸ்டூலு இல்ல, மேசை இல்ல, பெஞ்சு இல்ல, தரை இல்ல" என்று கனகவல்லி விரல் விட்டு எண்ணினாள். "நீ சொன்ன லிஸ்ட்டுல என் மடி கீதா? இருந்தா சொல்லு, எழுந்து போறேன்."

ஒரு பெண்ணின் மடியைப் பற்றி அத்தனை பேர் நடுவில் வாயைத் திறக்க எவனுக்கும் தைரியமில்லை. சம்பத் தலைக்குமேல் சுற்றிய ஃபேனைப் பார்த்தார். மனிதனுக்கு ஓட்டத்தைப் பார்க்கவும் ஆசை இருந்திருக்கவேண்டும், ஆடட்டும் என்றார்.

டிவியில் ஓட்டத்தை ஆரம்பிக்கிற துப்பாக்கி வெடித்தது. இடது காலுக்கு ஆள்காட்டி விரல், வலது காலுக்கு நடுவிரல். கட்டைவிரல் சும்மா காற்றில் நின்றது. அவள் டிவியைப் பார்த்தாளே தவிர ஒரு தடவைகூடக் குனிந்து பட்டனைப் பார்க்கவில்லை, அதை ராகவன் கவனித்தான். கோட்டைத் தாண்டியதும் பழக்கதோஷத்தில் அவள் இடது கை, அடுத்த வரிக்கு டைப்ரைட்டர் லீவரைத் தள்ளுவதற்காகக் காற்றில் போய் நின்றது.

8.71.

முதலில் கைதட்டியது யார் என்று தெரியவில்லை. ராகவன் நம்பரையே பார்த்துக்கொண்டு நின்றான். சம்பத் சாக்பீஸை எடுத்தார். ராகவன் பெயரைத் துடைத்தார். ஒரு நிமிஷம் யோசித்து, சின்ன எழுத்தில் ‘கே.வி. 8.71’ என்று எழுதிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். எல்லாருக்கும் நல்லவராக இருக்கப் பார்க்கிற சிரிப்பு அது.

கனகவல்லி எழுந்தாள். அவர் தோளிலிருந்த ஈரத்துணியைக் கேட்டு வாங்கி அந்தக் கே.வி.யை அழுத்தித் துடைத்தாள். முந்தானையால் பலகையை ஒற்றி ஈரத்தை எடுத்தாள். அப்புறம் கைப்பையைத் திறந்து ஒயிட்னர் பாட்டிலை எடுத்துக் குலுக்கினாள். ஊரார் பயோடேட்டாவில் விழுந்த தப்பையெல்லாம் மறைத்த அந்த வெள்ளையால், சின்ன பிரஷைத் தொட்டுத் தொட்டு, ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக எழுதினாள். த. கனகவல்லி. 8.71. அப்பா தசரதனின் இனிஷியலையும் விடவில்லை.

"இன்னாமா பண்ற" என்று பதறினார் சம்பத். "இது துணியப் போட்டா போவாதே."

"தெரியும்ணா" என்றாள் கனகவல்லி. பிரஷை பாட்டிலுக்குள் விட்டு மூடியைத் திருகினாள். ஈரம் காய்வதற்குள் தொட்டால் ஒயிட்னர் கலைந்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு, அது முழுக்கக் காயும்வரை பலகைக்கு முன்னாலேயே நின்றாள்.