எட்டிப் பார்க்கும் மாவு

மேட்டுப்பாறையில், ஐந்து வயது நிரம்பாத குழந்தை என்ன ஆகும் என்று சொல்கிறதோ, அந்த வீட்டு அடுப்படியில் அதன்பிறகு அதுதான் ஆகும். அதனால் பால்வாடி டீச்சர் ஸ்டெல்லா நீள நோட்டும் கண்ணாடி டம்ளருமாக வீடு வீடாக வந்து, பிள்ளைக்கு ஐந்து முடிவதற்குள் ஏழு சோதனைகளையும் செய்து காட்டி, அது சொல்வதை எழுதிக்கொண்டு போவார். உப்பு, எண்ணெய், எலுமிச்சை என்று ஆறு எல்லா வீட்டுக்கும் பொது. ஏழாவது, அந்த வீட்டுக்கு எது பிழைப்போ அது.

செண்பகவல்லிக்குப் பிழைப்பு இட்லி மாவு. முப்பத்திரண்டு வீடுகளுக்கு ஆட்டிக் கொடுக்கிறாள். மகள் தன்ஷிகாவுக்கு வெள்ளிக்கிழமை ஐந்து நிறைகிறது. வியாழக்கிழமை வந்தும் மாவுச் சோதனை பாக்கி. பிள்ளை வாயில் என்ன வருமோ என்று அவளுக்குப் பயம்.

பயப்படக் காரணம் இருந்தது. தண்ணீரில் உப்பைப் போடுமுன், "இது என்ன ஆகும் பாப்பா?" என்று டீச்சர் கேட்டபோது, தன்ஷிகா "ஒளிஞ்சுக்கும்" என்றாள். அன்றிலிருந்து குழம்பில் போட்ட உப்பு ஒளிந்துகொண்டது. சாப்பிட உட்கார்ந்ததும் யாராவது "கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்தினால்தான் நாக்கில் உப்பு தெரியும். எண்ணெயும் தண்ணீரும் "டூ விட்டுக்கும்" என்றாள். அதில் மோசமில்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான். தண்ணீரில் போடும் எலுமிச்சம்பழம் "குளிச்சிட்டு வரும்" என்றாள். அது தினமும் காலையில் குளித்துவிட்டு வருகிறது.

சொல்லிக்கொடுக்கவும் முடியாது. கோடி வீட்டு ராசாமணி அவசரப்பட்டு, "மிதக்கும்னு சொல்லு" என்று தன் பிள்ளையின் காதில் ஓதிவிட்டாள். ஆறு வருஷமாக அந்த வீட்டு எலுமிச்சம்பழம் பாதித் தண்ணீரில் அந்தரத்தில் நிற்கிறது. மேலேயும் வராது, கீழேயும் போகாது.

ஆகவே செண்பகவல்லி வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரமாகப் பிள்ளையின் கண்ணெதிரே, மாவு பொங்குவதுபோல மெதுவாக உட்கார்ந்து மெதுவாக எழுந்தாள், அவ்வளவுதான். தன்ஷிகா அதைக் கவனிக்கவே இல்லை. அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"அப்பா எப்பம்மா வருவாரு?"

அப்பா முத்துக்கருப்பன் தொலைதூர பஸ்ஸில் கண்டக்டர். பத்து நாளைக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். பிறந்தநாளன்று காலை எட்டு மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை டீச்சர் வந்து, ஆட்டிய மாவைக் கண்ணாடி ஜாடியில் பாதிவரை ஊற்றி, மாவு நிற்கும் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டார்.

"பாப்பா, விடியறதுக்குள்ள இந்த மாவு என்ன செய்யும்?"

தன்ஷிகா ஜாடியைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள்.

"மேல வரும்," என்றாள் தன்ஷிகா, "அப்பா வந்துட்டாரான்னு எட்டிப் பாக்க."

டீச்சர் முழுவதையும் எழுதினார்.

"டீச்சர், அந்த முதல் ரெண்டு வார்த்தையோட நிறுத்திக்கக் கூடாதா?"

"பாப்பா மூச்சு விடாமச் சொல்லிருச்சும்மா. பிரிக்கப்படாது," என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மாவு பொங்கியது. அப்படி ஒரு பொங்கல் அந்தத் தெரு கண்டதில்லை. ஜாடியின் விளிம்பில் ஏறி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே அடுப்படியில் ஆட்டியதுதானே, முந்தின நாள் விற்ற மாவும் முப்பத்திரண்டு வீடுகளிலும் மூடியைத் தலையால் தூக்கி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. அதில் ஊற்றிய இட்லி பஞ்சு பஞ்சாக வந்தது. செண்பகவல்லிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

எட்டேகாலுக்கு முத்துக்கருப்பன் கேக் பெட்டியோடு படியேறினார். மாவு அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தது. பிறகு ரப்பர் பேண்டுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. ஆள் வந்தாகிவிட்டது, இனி எட்டிப் பார்க்க என்ன இருக்கிறது. அதே நிமிஷத்தில் தெரு முழுக்க மாவு படுத்தது. பிந்தி எழுந்த ஒன்பது வீட்டுக்காரர்கள் பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றார்கள்.

"அண்ணன் வந்துட்டாரா? அப்ப சரி," என்று தோசைக்குத் தண்ணீர் விட்டுக் கரைக்கப் போனார்கள்.

முத்துக்கருப்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். டவுன் பஸ்ஸுக்கு மாற்றல் உத்தரவு. பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக இரண்டு வருஷம் அலைந்து வாங்கியிருந்தார்.

"இனிமே தெனமும் ராத்திரி வீட்டுலதான்," என்றார்.

தன்ஷிகா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். செண்பகவல்லி ஜாடியைப் பார்த்தாள். அவளுக்குப் புருஷனும் வீட்டில் இருக்க வேண்டும், மாவும் பொங்க வேண்டும். எதை விடுவது என்று யோசித்ததும் அழுகை வந்தது. அழுதாள்.

"வேணும்னா நான் பழைய ரூட்டுக்கே எழுதிக் குடுத்துரட்டுமா?" என்றார் முத்துக்கருப்பன்.

"அப்பா ஒளிஞ்சுக்கட்டும்," என்றாள் தன்ஷிகா. ஐந்து முடிந்துவிட்டதால் அது கட்டளை ஆகாது, வெறும் யோசனைதான். ஆனாலும் நல்ல யோசனை.

அன்றிலிருந்து முத்துக்கருப்பன் டவுன் பஸ் முடிந்து வந்து, பிள்ளைக்குச் சோறூட்டி, கதை சொல்லி, அது தூங்கியதும் இட்லி அரிசி போடும் நீல டிரம்முக்குள் இறங்கி மூடிக்கொள்வார். உட்கார்ந்தபடி தூங்குவது கண்டக்டருக்குப் புதிதில்லை. மாவு அவரைத் தேடி விடிய விடிய எழும். காலையில் எல்லா வீட்டிலும் இட்லி வெந்ததும் தன்ஷிகா டிரம்மைத் திறந்து "கண்டுபிடிச்சிட்டேன்!" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து வருவார். அந்த ஒரு சத்தத்தில் சட்னிக்கும் உப்பு வந்துவிடும்.

போன செவ்வாய்க்கிழமை, டிரம்மைத் திறக்குமுன்பே அடுப்படியில் நின்று தன்ஷிகா எவ்வளவு கத்தியும் சட்னிக்கு உப்பு வரவில்லை. செண்பகவல்லி போய் டிரம்மை எட்டிப் பார்த்தாள். முத்துக்கருப்பனின் மடியில் உப்பு உட்கார்ந்திருந்தது.

"இன்னும் அஞ்சு நிமிஷம்," என்றது உப்பு. "இவரு நல்லாத் தூங்குறாரு."

செண்பகவல்லி மூடியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, அடுத்த ஈடு இட்லியை ஊற்றப் போனாள்.