பனிக்கு விட்ட பாத்தி

"புகை வேண்டாம்னு சொல்ற மொத ஆளு இந்த ஊர்ல நீதான் தங்கச்சி."

"புகையே வேண்டாம்னு எங்கண்ணே சொன்னேன்? என் பாத்திக்கு வேண்டாம்னுதானே சொல்றேன்."

"உன் பாத்தி என்ன, ஏரிக்கு அந்தப் பக்கமா இருக்கு? என் மரங்களுக்கு நடுவுலதானே படுத்துக் கெடக்கு!"

எசென்பெக் கவைக்கம்பைச் சாணக் குவியலில் குத்தி நிறுத்திவிட்டு, வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். காலையிலிருந்து அவரும் அவர் மனைவி சைகாலும் பதினோரு குவியல் போட்டிருந்தார்கள். அடியில் காய்ந்த ஆப்ரிகாட் சுள்ளி, அதன் மேல் ஆட்டுச் சாணம், அதற்கும் மேல் ஈர வைக்கோல். பதினொன்றும் புருல்கானின் பாத்திக்கு மேல் விளிம்பில் வரிசையாக நின்றன. அவள் கேட்டு அவர்கள் போடவில்லை. இஸிக்-குல் ஏரியின் தென்கரையில் ஆப்ரிகாட் பூத்திருக்கும்போது உறைபனி வரும் என்று வானொலி சொல்லிவிட்டால், ஆள்பலம் இல்லாத வீட்டுக்கும் சேர்த்துப் பக்கத்து வீட்டார் பூ கருகாமலிருக்கப் புகை மூட்டிவிடுவார்கள். அதற்கு நன்றி சொன்னால்கூடக் கோபித்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்ட காரியத்தைத்தான் அவள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாத்தியில் அறுநூறு நாற்றுகள். விரல் உயரம், இரண்டு ஜோடி பல் இலை. பார்த்த யாரும் கஞ்சாச் செடி என்று சொல்லிவிடுவார்கள், கஞ்சாச் செடிதான். ஆனால் நாருக்கும் விதைக்குமான இனம். போதைக்காக இதைத் திருட வந்த நகரத்துப் பையன்கள் இரண்டு பேர், போன கோடையில் தலைவலியோடு திரும்பிப் போனார்கள். ஊரே சிரித்தது.

"ஊர் உலகத்துல எல்லாரும் கஞ்சாவப் புகைக்கப் பாக்குறாங்க," என்றாள் சைகால், வைக்கோலை உதறியபடி. "இவ ஒருத்திதான் கஞ்சாவுக்குப் புகை ஆகாதுங்கறா."

"சிரிங்க அண்ணி, சிரிங்க. போன வருஷம் என்ன ஆச்சு? சொல்லுங்க."

"என்ன ஆச்சு? மைனஸ் அஞ்சு. நாங்க மூட்டுன புகையில உன் செடி ஒண்ணுகூடச் சாகல."

"அதான் அண்ணி ஆச்சு."

அதுதான் நடந்தது. சமவெளி நார்க்கஞ்சா ஆளுயரத்துக்கு மேல் வளரும். ஆனால் இந்த உயரத்தில் செப்டம்பர்ப் பனிக்குள் அதற்கு விதை முற்றாது. ஏப்ரலிலேயே விதைத்தால் முற்றும். ஏப்ரலில் விதைத்தால் நாற்று உறைபனியைத் தாங்க வேண்டும். கணவாயில் இடையர்களின் பழைய பட்டியோரம் முழங்கால் உயரக் காட்டுக் கஞ்சா ஒன்று வருடாவருடம் பனிக்கட்டி உருகிய சேற்றிலேயே முளைத்து, இரவில் விறைத்து, காலையில் ஒன்றும் நடக்காதது போல நிற்பதை புருல்கான் பார்த்திருந்தாள். அந்தக் குட்டையையும் இந்த நெட்டையையும் இனக்கலப்புச் செய்து மூன்று வருடமாகப் பயிர் செய்கிறாள். பிள்ளைகள் எல்லாம் ஒன்றுபோல இருக்குமா? சிலது அப்பனைப் போல, சிலது அம்மாவைப் போல. எது எது என்று பிரித்துச் சொல்ல உறைபனியால் மட்டுமே முடியும். போன வருடம் அந்த உறைபனி வந்தது. நல்ல மனசுக்காரர்களின் புகை அதைப் பாத்திக்குள் விடவில்லை. அறுநூறும் பிழைத்தன. அவளுக்கு இந்த நிலத்தைக் கொடுத்திருக்கும் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் ஒரே வரியில் பதில் எழுதினார்: 'பனியைத் தாங்கியது செடியா, புகையா?'

இந்த வருடக் கடிதம் கொஞ்சம் நீளம். இரண்டு உறைபனி இரவுகளைத் திறந்த வெளியில் தாங்கிய செடிகளைக் காட்ட முடியாவிட்டால், இலையுதிர் காலத்தில் நிலத்தை உருளைக்கிழங்குக்குக் கொடுத்துவிடப் போவதாக அதில் இருந்தது. அந்தக் கடிதம் மடித்தபடி அவள் கோட்டுப் பையில் இருந்தது. யாருக்கும் அவள் அதைப் படித்துக் காட்டவில்லை.

"சரி, நான் பதினொண்ணையும் கலைச்சுடறேன்னு வெச்சுக்கோ," என்றார் எசென்பெக். பாத்திக்குக் கீழே, வாய்க்காலைத் தாண்டி நின்ற தன் ஒன்பது மரங்களைக் கையால் காட்டினார். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, இலையே தெரியாமல் பூத்திருந்தன. "இருட்டுனா காத்து மலையிலேர்ந்து ஏரிக்கு எறங்கும். இந்தப் புகைதான் உன் பாத்தி மேல போயி என் மரத்த மூடும். இங்க எடவெளி விட்டா குளிரு நேரா என் பூவுலதான் போயி உக்காரும். உன் செடி சாகணும்னு என் மரத்தச் சாகக் குடுக்கவா?"

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவளால் தள்ள முடியவில்லை. நேற்று முழுவதும் அவள் யோசித்ததும் அதைத்தான்.

"கலைக்க வேண்டாம்ணே. எடம் மாத்துவோம். என் பாத்திக்கும் உங்க மரத்துக்கும் நடுவுல வாய்க்கா கரை இருக்குல்ல, அதுல வைப்போம். புகை அங்கேர்ந்து கெளம்பி உங்க மரத்துக்கு மட்டும் போகட்டும்."

"கரையிலேர்ந்து மரம் அஞ்சு எட்டுதான். பூ வெந்துடும்."

"பெருசா வெச்சா வேகும். பதினொண்ண இருபத்திரெண்டாப் பிரிச்சு, சின்னச் சின்னதா வைக்கறேன். தீ எழும்பாம ஈர வைக்கோலப் போட்டு அமுக்கிக்கிட்டே இருக்கறேன்."

"யாரு?"

"நான்தான். உங்களுக்கு அந்தாண்ட மேல் தோட்டத்துப் புகையப் பாக்கவே நேரம் சரியா இருக்கும்."

எசென்பெக் சிரித்துவிட்டார். "ஒத்த ஆளா இருபத்திரெண்டு குவியலா? விடியறதுக்குள்ள நீயே கருவாடாயிடுவ."

"ஒரு ராத்திரிதானே அண்ணே."

அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் பையிலிருந்த கடிதம் அவளுக்கு உறுத்தியது. ஆனால் திருத்தவில்லை.

"ஒரு மரம் கருகினாலும்?" என்று கேட்டார் அவர்.

"இந்த நெலத்துல நீங்களே மரம் வைங்க. குழி நான் வெட்டித் தரேன்."

சைகால் வைக்கோலைக் கீழே போட்டாள். பிறகு எசென்பெக் தொப்பியை மறுபடி தலையில் வைத்து, நுனியை இழுத்துவிட்டு, "தள்ளுவண்டி கொட்டாயில இருக்கு. ஒரு சக்கரம் கோணும், பாத்துத் தள்ளு," என்று சொல்லிவிட்டு மேல் தோட்டத்துக்கு நடந்தார்.

வண்டி கோணியது. சாணம் ஈரத்தில் கனத்தது. முதல் நாலு நடையில் அவள் கோட்டைக் கழற்றினாள். பத்தாவது நடையில் உள்ளங்கை கொப்பளித்தது. பதினாறாவது நடையில் சைகால் வந்து, காய்ந்த உப்புத் தயிர்க்கட்டி ஒன்றை அவள் வாயில் திணித்து, "உப்பு உள்ள போகட்டும். மெல்லாத, சப்பு," என்று சொல்லி வண்டியின் இன்னொரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தொரு குவியல் முடிந்தபோது சூரியன் மலைமுகட்டில் இருந்தது. கடைசிக் குவியலுக்கு இடம் இல்லை. மூலையில் வாய்க்கால் வளைந்து, கரை முழங்கை அகலத்துக்கு ஒடுங்கிவிட்டது. அந்த ஒடுக்கத்திலேயே சுள்ளியை அடுக்கி, மேலே சாணத்தை அப்பினாள். கீழே மண்ணில் தண்ணீர் கசிந்தது. ஒரு பிடி கூடுதலாகச் சுள்ளி போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

பிறகு பாத்தியோரம் குந்தி நாற்றுகளைப் பார்த்தாள். பத்து நாளாகவே இரவுகள் குளிர்ந்துகொண்டு வந்தன. அந்தக் குளிர் மெதுவாகப் பழக்கிவிட்டதில் சில நாற்றுகளின் தண்டு கருநீலமாகியிருந்தது. சில இன்னும் பால்குடி மாறாத பச்சையில் பளபளத்தன. உரம் போட்டுக் கொழுக்க வைத்தால் பனியில் முதலில் சாகும் என்று அவள் ஒன்றும் போடாமல் பட்டினி போட்டிருந்தாள். மூன்று வருடமாக நாய், ஆடு, மழை எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றி வந்த இனத்தை இன்று அவளே பனிக்கு விடுகிறாள்.

"யாரு நிக்கறீங்களோ, நில்லுங்க," என்றாள் அவற்றிடம். சைகாலுக்குக் கேட்டது, கேட்காதது போல வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

விடிந்தபோது ஊரின் மேல் புகை கம்பளம் விரித்தாற்போலத் தட்டையாகக் கிடந்தது. நடுவில் புருல்கானின் பாத்தி மட்டும் வெள்ளை. ஒவ்வொரு இலையின் பல்லிலும் பனி ஊசிகள். வேலிக் கம்பில் தொங்கிய வெப்பமானி மைனஸ் ஆறுக்கு இறங்கி அங்கேயே நின்றிருந்தது. அவள் முகத்தில் கண்ணைத் தவிர எல்லாம் கரி.

சைகால் ஒரு கையில் பால் தேநீரும் இன்னொரு கையில் வாளியுமாக ஓடி வந்தாள். பாத்தியைப் பார்த்ததும் அவளுக்குக் குரல் உடைந்தது.

"ஐயோ, அத்தனையும் அவிஞ்ச கீரை மாதிரி சுருண்டு போச்சேடி! வெதுவெதுன்னு தண்ணி கொண்டாந்திருக்கேன், ஊத்தவா?"

"அண்ணி! கீழ வைங்க வாளிய!"

சைகால் திடுக்கிட்டு நின்றாள். புருல்கான் குரலைத் தாழ்த்தினாள். "இப்ப சூடு பட்டா பொழைக்கறதும் செத்துடும். உள்ள ஒறஞ்சது மெதுவா உருகணும். யாரும் தொடக்கூடாது. நானும் தொடமாட்டேன். தேத்தண்ணிய மட்டும் குடுங்க."

வேலியோர பாப்லர் மரங்களின் நிழல் பாத்தியை விட்டு விலக ஒன்பது மணி ஆனது. பனி தண்ணீரானது. தண்ணீர் சொட்டியது. பால்பச்சை நாற்றுகள் கறுத்து மண்ணோடு ஒட்டிக்கொண்டன. அவை எழப்போவதில்லை என்பது குழந்தைக்கும் தெரியும். புருல்கான் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கறுப்பு பரவப் பரவ அவள் கட்டிய கை இறுகியது.

பத்து மணி வாக்கில் மூன்றாவது வரிசையில் ஒரு நாற்று கழுத்தை அசைத்தது. காற்றில்லை. வெளியிலைகள் தொங்கத்தான் செய்தன, ஆனால் நடுவிலிருந்த நுனிமொட்டு பச்சையாக, விறைப்பாக, மெல்ல மேலே திரும்பிக்கொண்டிருந்தது. அவள் மண்டியிட்டு விரல் நுனியால் அதை அழுத்திப் பார்த்தாள். கொழகொழப்பு இல்லை. பக்கத்தில் அடையாளமாக ஒரு சுள்ளியைக் குத்தினாள். இன்னொன்று. ஐந்தாம் வரிசையில் இரண்டு.

"இந்தா, இதுவும் நிக்குது பாரு," என்றது ஒரு குரல். எசென்பெக் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பாத்தியின் மறுகோடியில் குந்தி, பெரிய விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். "தண்டு கத்திரிக்கா மாதிரி இருக்கறதுதான் நிக்குது. பச்சையெல்லாம் போச்சு."

"காட்டுச் சாதிண்ணே அது. அம்மா வழி."

"திமிரு புடிச்ச சாதி," என்றார் அவர். சொன்ன விதத்தில் மரியாதை இருந்தது. சுள்ளி தீர்ந்துபோனதும் தன் பையிலிருந்து தீக்குச்சிகளை எடுத்து அவரே குத்தினார். முப்பத்தேழு. அறுநூற்றில் முப்பத்தேழு. அவள் எண்ணி முடித்து, இன்னொரு முறை எண்ணினாள். முப்பத்தேழேதான்.

அப்புறம் அவர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு வாய்க்காலைத் தாண்டினார். அவளும் பின்னால் போனாள். முதல் மரத்தில் ஒரு பூவைக் கிள்ளி நகத்தால் பிளந்தார்: உள்ளே பச்சை. அடுத்த மரம், பச்சை. எட்டாவது மரம் வரை பச்சை. ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார்.

மூலையில் நின்ற ஒன்பதாவது மரத்தின் எதிரே இருபத்திரண்டாவது குவியல் பாதி எரிந்து, கசிவில் ஊறி அணைந்து கிடந்தது. அது எப்போது அணைந்தது என்று அவளுக்குத் தெரியாது. அந்த நேரம் மறுகோடியில் எழும்பிய தீயை அமுக்கிக்கொண்டிருந்தாள். எசென்பெக் ஒரு பூவைப் பிளந்தார். நடுவில் மிளகு போலக் கறுப்பு. உயரமான கிளையை வளைத்து இன்னொன்றைப் பிளந்தார். அதுவும் கறுப்பு. மூன்றாவதை அவர் பிளக்கவில்லை.

"இது சைகாலோட மரம்," என்றார். "எங்க கல்யாணத்துக்கு வெச்சது."

"நான்தான் பாக்காம விட்டேன். ஈர மண்ணுன்னு தெரிஞ்சும் வெச்சேன்," என்றாள் புருல்கான். "குழி வெட்டித் தரேன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான், இலையுதிர்ல வெட்டித் தரேன்."

வேலிக்கு அப்பால் யார் வீட்டிலோ வானொலி பேசிக்கொண்டிருந்தது: இன்று இரவும் கரையோரம் மைனஸ் நாலு, தோட்டக்காரர்கள் புகைக்கு ஏற்பாடு செய்துகொள்ளவும்.

புருல்கான் கோட்டுப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து, கரிக் கையால் பிரித்து அவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடி இல்லாமல் அதைத் தூரமாகப் பிடித்துப் படித்தார். 'இரண்டு' என்ற சொல்லில் அவர் விரல் நின்றது.

"நேத்து ஒரு ராத்திரின்னுதான சொன்ன?"

"சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன். ரெண்டுன்னா நீங்க ஒத்துக்கமாட்டீங்கன்னு பயந்தேன்." அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. "மூலைக் குவியல ரெண்டாக்கி மேட்டுல வைக்கறேன். வாய்க்காலத் திருப்பி விடறேன், கசிவு வராது. அந்த எடத்த விட்டு அசையமாட்டேன். மிச்ச எட்டு மரத்துக்கு நான் பொறுப்பு. அந்த முப்பத்தேழும் இன்னொரு தடவ எழுந்தாத்தான் அது செடி, இல்லன்னா ஏதோ ஒரு நாள் அதிர்ஷ்டம். அண்ணே, இன்னிக்கு ஒரு ராத்திரியும் அதைப் பனிக்கு விட்டுத் தாங்க."

எசென்பெக் கடிதத்தை மடித்து, "போன மரம் சைகாலோடது, அவகிட்டயே கேளு," என்றார். சைகால் வாளியோடு வாய்க்காலைத் தாண்டித் தன் மரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.