பூட்டிய வீட்டின் ரீடிங்

இல்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, மூன்று தடவை பார்த்தாகிவிட்டது, வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்கு, மூலப்பத்திரம் அசல், வரி ரசீது, வக்கீல் படித்துப் பார்த்து வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்த தாள்... பிறகு ஏன் நாலாவது தடவையும் பார்க்கத் தோன்றுகிறது? பத்திரப் பதிவு அலுவலகத்தின் பெஞ்சில், மடியில் ஃபைலை இறுக்கிப் பிடித்தபடி, ரீடிங்காரர் சுவரில் சிவப்பாக எரியும் டோக்கன் எண்ணைப் பார்த்தார். இருபத்தேழு. தங்களுடையது முப்பத்தொன்று. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுவது இருபத்தாறு வருஷத் தொழில், அதனால் ஊரில் எல்லோருக்கும் அவர் ரீடிங்காரர்தான், சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி. இடப்பக்கம் மனைவி, அலமாரியின் அடியிலிருந்து எடுத்த நல்ல துணியில், கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக. வலப்பக்கம் அவளுடைய அண்ணன், அதாவது மச்சான், வாங்கப்போகும் இடத்தைக் காட்டியவர், தெரிந்தவர் அறிந்தவர் என்று வாசலில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கையாட்டிக்கொண்டு. விற்பவர் எதிரே தூணில் சாய்ந்து போனில் எதையோ பார்த்துச் சிரித்தார். என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது இந்த நேரத்தில்? சிரித்தால் என்ன, விற்கிறவன் அழவா வேண்டும், உனக்கு எதிலும் சந்தேகம், அதுதான் உன் வியாதி.

தறி ஆலையில் பதினெட்டு வருஷம் நின்றே வேலை பார்த்தவள் அவள், கால் நரம்பு சுருண்டு போய் வேலையை விட்டபோது கொடுத்த மொத்தமும் இந்த இடத்துக்குத்தான் போகிறது, போனால் திரும்பி வராது, இன்னொரு பதினெட்டு வருஷம் அந்தக் காலில் நிற்காது. என்ன கேட்டாள் பெரிதாக? ஒரு ஆணி அடிக்க யாரிடமும் அனுமதி கேட்காத சுவர், அவ்வளவுதான். வாடகை வீட்டின் சொந்தக்காரர் ஆணி அடிக்கக் கூடாது என்றதால் கல்யாணப் படம் இன்றைக்கும் பீரோ மேல் படுத்துக் கிடக்கிறது. மச்சான் வந்து, ஊர் எல்லையில் ஒரு இடம், அதில் ஒற்றை அறை வீடு, அஞ்சு வருஷமாகப் பூட்டியே கிடக்கிறது, வில்லங்கமே இல்லை என்று சொன்ன அன்று ராத்திரி அவள் தூங்கவே இல்லை. அவரும்தான் தூங்கவில்லை, ஆனால் அவருடையது வேறு தூக்கமின்மை.

இருபத்தெட்டு. நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. சே, இந்த எண் எதற்கு இப்போது? காலையில் முகம் கழுவும்போதும் வந்தது, பஸ்ஸில் சீட்டு வாங்கும்போதும் வந்தது... எண்களைக் கண்டால் படித்துவிடுகிற கண் அது, எங்கே போனாலும் முதலில் மீட்டர் பெட்டியிடம்தான் நலம் விசாரிக்கும். ஒருமுறை துக்கம் கேட்கப் போன வீட்டில் மீட்டர் அடியில் நின்று வாயசைத்துக் கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டு, இழுத்துக்கொண்டு வெளியே வந்து, மானத்தை வாங்காதீங்க என்று பல்லைக் கடித்தாள். அப்படித்தான் இடம் பார்க்கப் போன முதல் நாளும். துருப்பிடித்த பூட்டு, சாத்திய ஜன்னல், பக்கச் சுவரில் தகரக் கூண்டுக்குள் மீட்டர், நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. எல்லைக்கல் அளக்க இரண்டாவது தடவை போனபோது அதே பூட்டு, அதே ஜன்னல், கண் போயிற்று, படித்தது... நாலாயிரத்து முந்நூற்று எழுபத்தொன்பது. நடுவில் பத்தொன்பது நாள்.

கழித்துப் பார்க்காதே. கழித்தாகிவிட்டது, அறுபத்து மூன்று. கசிவாக இருக்கலாம், பழைய ஒயர்... யாரிடம் கதை விடுகிறாய், இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவனிடமா? கசிவு இப்படி ஓடாது. பத்தொன்பது நாளில் அறுபத்து மூன்று என்றால் ராப்பகலாக ஓடும் ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். ராப்பகலாக விசிறி ஓடினால் உள்ளே நோயாளி இருக்க வேண்டும், அல்லது கைக்குழந்தை. யூனிட்டைச் சொன்னால் குடும்பத்தைச் சொல்லிவிடுவாரே ரீடிங்காரர். பூட்டிய வீட்டுக்குள் ஒரு குடும்பம். வாடகைக்கா? முன்பே பணம் கொடுத்து வாங்கிவிட்டு, பதிவு செய்யாமல் ஏமாந்து உட்கார்ந்திருக்கிறவர்களா? காகிதத்தில் ஏறாத ஆளை வில்லங்கச் சான்று எப்படிக் காட்டும்? இரண்டு தடவையும் கிளம்புவதற்கு முந்தின நாளே விற்பவருக்குப் போன் போட்டு, நாளைக்கு வர்றோம் என்று மச்சான் சொன்னாரே, உள்ளே இருப்பவர்களை வெளியே அனுப்பிப் பூட்டு மாட்ட நேரம் கொடுக்கவா... அதுவரைக்கும் போகாதே, அவர் மச்சான். உனக்குக் காமாலை வந்து கிடந்தபோது ஆஸ்பத்திரித் தரையில் பதினொரு நாள் படுத்தவர். ஒருமுறை வண்டிச் சாவி காணாமல் போனபோது, அவர் எடுத்திருப்பாரோ என்று வாய்தவறிக் கேட்டதற்கு மூன்று மாசம் இவள் பேசவில்லை, சாவி உன் மழைக்கோட்டுப் பையிலேயே இருந்தது. இப்போது எதை வைத்துக்கொண்டு வாயைத் திறப்பாய், இரண்டு எண்களையா? முப்பது. இப்போதும் விட்டுவிடலாம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பிறகு என்றால் எப்போது, பாய் படுக்கையோடு யாரோ ஒரு தாயையும் பிள்ளையையும் நாமே தெருவில் தள்ளும்போதா... பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இருந்தும் குரல் வந்துவிட்டது, அவருக்கே தெரியாமல்.

"மச்சான், அந்த வீட்டுல யார் இருக்காங்க?"

யாருமில்லை என்று சொல்லிவிடு, சிரித்துவிடு, ஆரம்பிச்சுட்டீங்களா மாப்பிள்ளை என்று தொடையில் தட்டு, நான் நம்பிவிடுகிறேன், காலமெல்லாம் நம்புகிறேன்... மச்சான் வாசலுக்குக் கையாட்டுவதை நிறுத்தினார். தூணில் சாய்ந்திருந்தவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு மிக மெதுவாக, "இந்த மாசத்துக்குள்ள காலி பண்ணிடுவாங்க மாப்பிள்ளை. நான் பேசிட்டேன். தங்கச்சிகிட்ட இப்போ எதுவும் வேண்டாம்" என்றார்.

தங்கச்சி இரண்டடி தள்ளித்தானே உட்கார்ந்திருந்தாள். கைப்பை மூடும் சத்தம் கேட்டது, அதற்கப்புறம் திறக்கும் சத்தம் கேட்கவில்லை. அழுவாள், அண்ணன் சட்டையைப் பிடிப்பாள், இல்லை எழுந்து போவாள் என்று நினைத்து அவர் திரும்பவே பயந்தார். அவள் அண்ணனைப் பார்க்கக்கூட இல்லை. கணவரின் மடியிலிருந்து ஃபைலை உருவித் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தாள்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

இப்போதுதான், இந்த நிமிஷம்தான், பெஞ்சில் உட்கார்ந்த பிறகு திடீரென்று தோன்றியது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். சிவப்பில் முப்பத்தொன்று எரிந்தது, குமாஸ்தா சத்தமாகக் கூப்பிட்டார், விற்பவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். எல்லைக்கல் அளந்து முடித்துப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோமே, அன்றைக்கு ஏன் நான் வழி நெடுக அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை?