நாற்பதுக்கு இறங்கிய அம்புக்குறி

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். தேசியப் புள்ளிவிவர நிறுவனத்தில் தரச் சோதனைப் பிரிவின் தலைவி அவள். எந்த எண் வந்தாலும் ஒரு முறை சலித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டாள். கிண்டலாகத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். அவளோ அதைப் பட்டம் போல எடுத்துக்கொண்டாள்.

நிறுவனத்தை மேம்படுத்தப் புது இயக்குநர் வந்த பிறகு சலிக்க வேண்டியது கூடிப்போனது. மனிதர் அதற்கு முன் ஒரு விமான நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தை மேம்படுத்தியவர். ஆகவே இங்கேயும் நாற்காலியிலிருந்துதான் தொடங்கினார். அடுத்து நிறுவனத்தின் சின்னம் மாறியது. பழையதில் மூன்று கோடுகள் இருந்தன, புதியதில் நான்கு. நான்காவது கோடு மற்றவற்றைவிட உயரம், அதுதான் வளர்ச்சியாம். வரைபட அறையின் கூரை மட்டும் எப்போதும் போல ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே புது வாளி வைத்தார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் சில தெருக்களில் மட்டும் ஒத்திகை நடக்கும். ஒத்திகையின் தரச் சான்றிதழில் சல்லடை கையெழுத்துப் போட்டதும் மென்பொருளைப் பூட்டி, நாடு முழுக்கக் கணக்கெடுப்பாளர்களின் டேப்லெட்டுகளில் ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்ற முடியாது. எந்த ஊரில் பள்ளிக்கூடம், எத்தனை பேருக்கு முதியோர் உதவித்தொகை எல்லாம் அடுத்த பத்து வருடத்துக்கு அந்தக் கணக்குப்படிதான்.

அவளுடைய வீட்டுத் தெருவும் ஒத்திகையில் இருந்தது. சனிக்கிழமை காலை ஒரு பள்ளி ஆசிரியை டேப்லெட்டோடு வந்தார். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனாரிடம் வயது கேட்டார்.

"எழுபது போட்டுக்கம்மா."

"எழுபதாம்," என்று சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "நாலு வருசமா எழுபதுலயே நிக்கிறாரு. வண்டி நகரவே இல்ல."

ஆசிரியை எழுபதைத் தட்டினார். டேப்லெட் கீச்சென்று கத்தியது. திரை முழுக்கச் சிவப்பு. பிறந்த தேதிக்கு ஆவணம் உண்டா? உண்டென்றால் படம் எடுக்கவும். இல்லையென்றால் உடன்பிறந்தவர்களின் வயது என்ன? திருமணமான ஆண்டு எது? இப்படியே போய்க்கொண்டிருந்தது.

ஆசிரியை பெருமூச்சு விட்டார். "எழுபத்தொண்ணுன்னு போட்டுக்கவா ஐயா? ஒரு வயசுல என்ன வந்துடப் போவுது? கடைசியில முட்டையோ அஞ்சோ வந்தாத்தான் இது கத்தும். மத்த நம்பருக்கெல்லாம் பேசாம போயிடும்."

"தாராளமா போடும்மா. இவளும் அதைத்தானே கேக்குறா."

எழுபத்தொன்று ஓசைப்படாமல் உள்ளே போனது. சோபா ஓரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த சல்லடைக்கு மடிப்பு மறந்துபோனது.

வயது விஷயத்தில் மக்களின் குணம் ஒன்று உண்டு. சரியாகத் தெரியாதவர்கள் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று முழு எண்ணில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். இதை அளக்க ஒரு குறியீட்டு எண் இருக்கிறது. அது மிக எளிது. கடைசி இலக்கம் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பத்து விதமாக வரலாம். அதில் பூஜ்யமும் ஐந்தும் இரண்டு விதம், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. நூறு பேரில் இருபது பேர் அப்படி இருந்தால் குறியீடு நூறு, உலகம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். நாற்பது பேர் இருந்தால் இருநூறு, மக்கள் குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். போன கணக்கெடுப்பில் இருநூற்றுப் பத்து வந்தது. அதைச் சரிசெய்யத்தான் இயக்குநர் இந்தச் சிவப்புத் திரையைக் கொண்டுவந்திருந்தார்.

திங்கட்கிழமை கூட்ட அறையில் சுவரளவு திரையில் பச்சை அம்புக்குறி ஒன்று கீழ்நோக்கிப் பாய்ந்திருந்தது. மேல்முனையில் இருநூற்றுப் பத்து, கீழ்முனையில் நாற்பது. அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா மேடம், நூறு வந்தா போதும்னீங்க. நாப்பதுக்கே கொண்டுவந்துட்டோம்," என்றார் இயக்குநர். தரச் சான்றிதழை அவள் பக்கம் நகர்த்தி, பேனாவையும் திறந்து வைத்தார். "உங்க துணை இயக்குநர் பதவி உயர்வு ஃபைல் என் மேசையிலதான் இருக்கு. இது முடிஞ்ச கையோட அதையும் முடிச்சிடலாம்."

"சார், நூறுதான் சரியான அளவு. நாப்பதுன்னா, நூத்துக்கு இருபது பேர் இருக்க வேண்டிய இடத்துல எட்டு பேர்தான் இருக்காங்க. மீதிப் பன்னெண்டு பேர் எங்க?"

பக்கத்தில் ஆலோசகர் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் பேச்சுக்கு அவர் வாங்குவது ஆசிரியையின் ஒரு வருடச் சம்பளம். அவர் கனிவாகப் புன்னகைத்தார். "குறைஞ்சா நல்லதுதானே மேடம். சர்க்கரை மாதிரின்னு வச்சுக்கங்க."

"சர்க்கரையும் நாப்பதுக்கு இறங்கினா ஆள் மயங்கி விழுந்துடுவார் சார்."

யாரோ இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை. இந்த மனிதருக்கு எதையும் வாயால் விளக்கிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். நூறைவிட நாற்பது சின்னது என்பதுவரைதான் அவருடைய கணக்கு ஓடும். பையிலிருந்து ஒத்திகை டேப்லெட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"உங்க வயசு என்ன சார்?"

"எதுக்கு? அம்பது."

தட்டினாள். கீச்சென்றது. "பிறந்த தேதிச் சான்றிதழ் வச்சிருக்கீங்களா?"

"அதை யாரு கையில தூக்கிட்டு அலைவாங்க?"

"சரி. கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்? ஒவ்வொருத்தர் வயசும் வேணும்."

"அக்கா ரெண்டு பேர். பெரிய அக்காவுக்கு…" அவர் மேலே பார்த்தார். "இதெல்லாம் எதுக்கு இப்ப?"

"மெஷின் கேக்குது சார். கல்யாணம் ஆன வருசம்?"

அதற்கும் அவர் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. கைகுலுக்கல்கள் நின்று எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவருடைய விரல் மேசையைத் தட்டத் தொடங்கியது.

"அம்பத்தொண்ணுன்னு போட்டுத் தொலைங்க. ஆள விடுங்க."

சல்லடை ஐம்பத்தொன்றைத் தட்டினாள். டேப்லெட் வாயைத் திறக்கவில்லை. அதை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "காணாமப் போன பன்னெண்டு பேரும் இப்படித்தான் போனாங்க சார். ஒத்திகை நடந்த இடத்துல அஞ்சு வயசுப் பிள்ளைங்க தேடினாலும் கிடைக்கல. ஒண்ணு நாலாயிட்டாங்க, இல்ல ஆறாயிட்டாங்க. இத வச்சு ஒண்ணாம் வகுப்புக்கு எத்தனை பெஞ்சு வாங்குவீங்க? இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஆலோசகர் தன் பேனா மூடியை மிகுந்த அக்கறையோடு ஆராயத் தொடங்கினார். இயக்குநரின் முகம் சிவப்புத் திரையின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. அவளைத் திட்ட வழியில்லை. அறையே சாட்சி.

சிவப்புத் திரையை எடுத்தார்கள். அதற்கு இரண்டாம் கட்ட மேம்பாடு என்று பெயரிட்டு, அதற்கும் ஒரு விழா எடுத்தார்கள். துணை இயக்குநர் பதவி ஆலோசகருக்குப் போனது.

மறு ஒத்திகைக்கு அதே ஆசிரியை வந்தார். மாமனார் அதே எழுபதைச் சொன்னார். டேப்லெட் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

"எழுபத்தொண்ணாயிருந்தீங்களே, மறுபடி எறங்கிட்டீங்களா?" என்று மாமியார் கேட்டார். "மாமா, உண்மையில எவ்வளவு?" என்று சல்லடை கேட்டாள். "யாருக்கும்மா தெரியும்? எங்க அப்பா எழுதி வச்சுட்டா போனாரு?" என்று அவர் பேப்பரைத் திருப்பினார்.

குறியீடு இருநூற்று ஐந்தில் வந்து நின்றது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. மக்கள் தாமாக முழு எண்ணில் வந்து உட்கார்ந்தால், எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும். இருபுறமும் பிரித்துப் பரப்பக் கணக்கு வழி இருக்கிறது. சிவப்புத் திரைக்குப் பயந்து ஆசிரியைகள் ஓட்டிவிட்டவர்கள் மேலே ஏறினார்களா, கீழே இறங்கினார்களா என்று எந்தக் கணக்காலும் கண்டுபிடிக்க முடியாது.

கூட்ட அறையில் மறுபடி பச்சை அம்புக்குறி. இந்த முறை நாற்பதிலிருந்து இருநூற்று ஐந்துக்கு மேல்நோக்கிப் பாய்ந்திருந்தது.

"எப்படி ஏறியிருக்கு பாருங்க," என்றார் இயக்குநர் மகிழ்ச்சியாக. புதுத் துணை இயக்குநர் தலையாட்டினார்.

சல்லடை நிமிர்ந்து அம்புக்குறியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். சான்றிதழை இழுத்து இருநூற்று ஐந்து என்று எழுத்தால் எழுதினாள். கையெழுத்தைப் போட்டு அவர் பக்கம் தள்ளினாள்.